அப்பாவின் போனுக்கு வரும் எண்

அப்பாவின் போனில் ஒரு குறுஞ்செய்தி கிடந்தது. வேறு யாராவது அதைப் படிப்பதற்குள் பொற்கொடி போய் அழித்தாக வேண்டும். காந்திபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து மனசுக்குள் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள், முகத்தில் வெயில் அடித்தது. எதிர்ப்பக்கம் மாறினாள், பக்கத்திலிருந்த பெரியவர் தூங்கித் தூங்கி இவள் தோளில் விழுந்தார். அவிநாசி தாண்டியதும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஏனுங்கம்மணி, சீட்டு காலியாத்தான இருக்குது, உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டுங்கண்ணா."

"காசு குடுத்துப்போட்டு நின்னுட்டு வாரீங்களே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவளால் உட்கார முடியவில்லை. 

போன ஐப்பசியிலிருந்து பங்குனி வரைக்கும், முகூர்த்த நாட்களில், அவள் கோயம்புத்தூரின் கல்யாண மண்டபங்களில் வாசலில் நின்றிருந்தாள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஈவென்ட் கம்பெனி, கல்லூரிப் பெண்களை அந்த வேலைக்கு எடுத்தது. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பட்டுச்சேலை கொடுப்பார்கள். அளவு சேராத ரவிக்கையை ஊக்குக் குத்தி இழுத்துக்கொள்ள வேண்டும். சந்தனம், கல்கண்டு, ரோஜாப்பூ, பன்னீர்ச் செம்பு. வருகிற ஒவ்வொருவருக்கும் பன்னீர் தெளித்து, கைகூப்பி, சிரிக்க வேண்டும். மாலையில் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விடுதிக்கு வந்தால் கன்னம் வலிக்கும்.

அந்தச் சம்பளத்தில் பத்து சதவீதத்தை வரி என்று பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். வரி கட்டுகிற அளவுக்கு அவளுக்கு வருமானம் கிடையாது. அதனால் பிடித்ததைத் திருப்பிக் கேட்கலாம். பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவிக்கு இது பாடத்திலேயே வருகிற சங்கதி. ஆடி மாதம் கல்யாணம் இல்லை, வேலையும் இல்லை, விடுதியில் மெஸ் பாக்கி ஏறிக்கொண்டிருந்தது. கூட வாசலில் நிற்கிற, அதே அறையில் தங்கியிருக்கிற மெர்சியின் லேப்டாப்பில் உட்கார்ந்து அவளே கணக்கைத் தாக்கல் செய்துவிட்டாள். ஆனால் தாக்கல் செய்தது தான்தான் என்று முப்பது நாளுக்குள் உறுதி சொல்ல வேண்டும். அதற்கு ஓர் எண் வரும். ஆதாரில் பதிந்திருக்கிற போனுக்குத்தான் வரும்.

ஆதாரில் இருந்தது அப்பாவின் பட்டன் போன். பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்காகப் பதிந்தபோது வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

அப்பா ஐயாசாமி கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் சுப்பண்ணன் தோட்டத்தில் வேலை செய்கிறார். முதலாளியைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார். தென்னை, வாழை, மாடுகள். அவருக்கு எழுத்து வராது, எண் வரும். பான் கார்டு எடுத்தபோதும் இப்படி ஓர் எண் வந்தது. காலேஜில் கேட்கிறார்கள் என்று சொல்லி போனில் கேட்டாள். ஒவ்வொரு எண்ணாக, மகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவர் போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அது போன வருடம். அதற்குப் பிறகு சுப்பண்ணனுக்கு, வங்கியிலிருந்து பேசுவதாக எவனோ போன் செய்தான். தன் போனுக்கு வந்த எண்ணை அவர் சொன்னார், தேங்காய் விற்ற பணம் மொத்தமும் போனது. அன்றிலிருந்து தோட்டத்தில் ஒரு சட்டம் வந்துவிட்டது. யாருக்கு எந்த எண் வந்தாலும் முதலில் சுப்பண்ணனிடம் காட்ட வேண்டும். அவர் படித்துப் பார்த்துச் சரி என்றால்தான் வெளியே சொல்லலாம்.

போன வாரம் பொற்கொடி எண்ணைக் கேட்டபோது அப்பா தயங்கினார். "வந்திருக்குது கண்ணு. பண்ணாடிகிட்ட ஒரு வார்த்தை காட்டிப்போட்டுச் சொல்லட்டுமா?"

"வேண்டாங்கப்பா, வேண்டாம். அதை அழிச்சுருங்க."

"எப்படி அழிக்கறதுன்னு தெரியாதே சாமி."

அந்தச் செய்தியில் வருமான வரித்துறை என்று ஆங்கிலத்தில் இருக்கும். பண்ணாடி படித்தால் கேள்வி வரும். என்ன வருமானம், என்ன வேலை, எங்கே. பதில் அப்பாவின் காதில் விழும்.

அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் கல்லூரியில் சேர்ந்த அன்று, பஸ் நிறுத்தத்தில் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அப்பா சொன்னது ஒன்றே ஒன்று. "நானும் உன்ற அம்மாளும் அடுத்தவங்க வாசல்ல நின்னது போதும். நீ யாரு வாசல்லயும் நிக்கப்படாது." அதற்கு மேல் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பெரிய வீட்டுக் கல்யாணங்களில், பந்தி எல்லாம் முடிகிற வரைக்கும், பந்தலுக்குப் பின்னால் மிச்சச் சோற்றுக்குப் பாத்திரத்தோடு நின்றவர் அவர். சிறப்பு வகுப்பு என்று பொய் சொல்லிவிட்டு மகள் நின்றதோ வாசலிலேயே. பட்டுச்சேலை கட்டியிருந்தால் என்ன, வாசல் வாசல்தானே என்று அவர் கேட்பார். கேட்காமல் அவர் சும்மா இருந்துவிட்டால் அது இன்னும் மோசம். அப்பாவின் மௌனம் நாள் கணக்கில் நீளும்.

கோபியில் இறங்கியதும் மெர்சி கூப்பிட்டாள்.

"எங்கடி இருக்கறே?"

"கோபி. அந்தியூர் பஸ்ஸுக்கு நிக்கறேன். ஒரே கூட்டம்."

"அந்தியூரா? ஊட்டுக்குத்தான போறேன்னே?"

"அப்பா சந்தையில இருக்கறாரு. பண்ணாடி எருது விக்கப் போயிருக்கறாரு, இவரு கூட."

"உனக்குப் பைத்தியம் புள்ள. அந்த உறுதிப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டு பெங்களூரு வரி ஆபீசுக்குத் தபால்ல அனுப்பலாம்னு சொன்னனா இல்லியா?"

"அனுப்புனா மட்டும் அந்த மெசேஜு அழிஞ்சுருமா?"

மெர்சி லேப்டாப்பில் எதையோ தட்டுவது கேட்டது. பிறகு, "சரி. லேப்டாப்பத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். உங்கப்பா போன் கைக்கு வந்ததும் சொல்லு. இங்க அமுத்தறேன், அங்க நெம்பர் வரும், படி, அழி, ஓடியா. திருடறதுக்குக்கூட இத்தனை பிளான் போட்டிருக்க மாட்டாங்க."

"சிரிக்காதே மெர்சி."

"சிரிக்கலடி. நானும் பயந்துட்டுத்தான் இருக்கறேன். எனக்கும் புடிச்ச பத்து பர்சென்ட் திரும்பி வரோணுமில்ல."

அந்தியூரில் ஆடிக் காற்று புழுதியை வாரி வாரி இறைத்தது. குருநாதசாமி கோயில் திருவிழாக் கூட்டம் ரோடு முழுக்க நிறைந்திருந்தது. ராட்டினத்து ஸ்பீக்கர், பலூன்காரர்கள், குதிரைகளைச் சுற்றி வாய் பிளந்து நிற்கிற குழந்தைகள். அதைத் தாண்டி மாட்டுச் சந்தை. துண்டுக்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து, வாய் திறக்காமல் விலை பேசிக்கொண்டிருந்தவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். கட்டியிருந்த மாடுகளின் கொம்புகளுக்கு நடுவில் அப்பாவின் தலை தெரிந்ததும் நின்றாள். ஒரு கணம் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது.

அவர் பார்த்துவிட்டார்.

"அட, அம்மணி! நீ எங்க இங்க? சொல்லவே இல்ல?"

"லீவுங்கப்பா. உங்களப் பாத்து நாளாச்சுன்னு..."

"வெயில்ல கறுத்துப் போயிட்டியே சாமி." அவர் முகம் முழுக்க விரிந்தது. "இரு, கரும்பு ஜூஸ் வாங்கியாரேன்."

"அதெல்லாம் வேண்டாங்கப்பா. உங்க போனக் குடுங்க. என்ற போன்ல சார்ஜ் இல்ல, ஒரு போன் பண்ணோணும்."

பொய் சுலபமாக வந்தது. வாசலில் நின்று பழகிய சிரிப்பும் கூடவே வந்தது. அவர் சட்டைப் பையைத் தடவினார்.

"பண்ணாடிகிட்ட இருக்குது கண்ணு. அவரு போனுக்கு டவர் கெடைக்கலைன்னு பேசறதுக்கு வாங்குனாரு."

பொற்கொடி திரும்பிப் பார்த்தாள். தார்ப்பாய் நிழலில், மடக்கு நாற்காலியில் சுப்பண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தரகர் மாசாணம். சுப்பண்ணன் பேசவில்லை. பட்டன் போனைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயாசாமி! இங்க வாடா."

அப்பா ஓடினார். தோளிலிருந்த துண்டு தானாகக் கைக்கு இறங்கியது.

"உனக்கு எதுக்குடா இன்கம் டாக்ஸ்காரன் மெசேஜு அனுப்பறான்?"

"யாருங்க பண்ணாடி?"

"இன்கம் டாக்ஸுடா! வருமான வரி! இந்தா, போன வாரம் வந்திருக்குது. எங்கிட்ட ஏன் காட்டல?"

மாசாணம் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஏப்பா ஐயாசாமி, எத்தனை கோடி வெச்சிருக்கறே? எங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே!"

பக்கத்தில் மாடு பார்க்க வந்தவர்கள் திரும்பினார்கள்.

"ரெய்டு வந்தா மாட்டுக் கொட்டாயத்தான் தோண்டோணும்" என்றான் ஒருவன்.

"தோண்டுனா சாணிதான் கெடைக்கும். அதுல பாதிய அவனுங்க எடுத்துட்டுப் போகட்டும்" என்றான் இன்னொருவன்.

சிரிப்பு பரவியது. அப்பா சிரிக்கவில்லை. "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. குருநாதசாமி சத்தியமா யாருகிட்டயும் நெம்பர் சொல்லலீங்க" என்றார். குரல் இறங்கிவிட்டது. திருடிப் பிடிபட்டவனின் குரல்.

"நீ சொல்லியிருக்க மாட்டே. உன்ற ஆதாரை வெச்சு எவனோ வேலை காட்டறான்" என்றார் சுப்பண்ணன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தான் பட்டதைத்தான் சொன்னார். "எனக்கு ஆனாப்பலயே. இப்பவே ஒரு கம்ப்ளைன்ட் குடுத்தரலாம். பந்தோபஸ்துக்குப் போலீசு இங்கதான நிக்குது. வா, நான் கூட வாரேன்."

போலீஸ் என்றதும் அப்பா துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இந்த மாதிரி விளம்பரம் எல்லாருக்கும் வருதுங்க, விடுங்க. பொற்கொடியின் நாக்கு நுனியில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. சொன்னால் நம்பிவிடுவார்கள். படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவள் வாயைத் திறந்தாள். அப்போது அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு சாமி. நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனா?"

நிஜமாகவே கேட்டார். தனக்கே தெரியாமல் தான் ஏதோ செய்திருக்கக்கூடும் என்று அவர் நம்பத் தொடங்கிவிட்டது அவர் கண்ணில் தெரிந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ணலீங்கப்பா" என்றாள். "அது எனக்கு வந்த மெசேஜுங்க. என்ற ஆதாருல உங்க நெம்பர் இருக்குது."

"உனக்கு எதுக்கு கண்ணு இன்கம் டாக்ஸு?" என்றார் சுப்பண்ணன்.

"நான் வேலை செஞ்சேனுங்க. சம்பளத்துல வரி புடிச்சாங்க. அதைத் திருப்பிக் கேட்டிருக்கறேன்."

"வேலையா? காலேஜுதான போறே?"

"லீவு நாள்லீங்க. கண்ணாலத்துல வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கற வேலை."

சொல்லியாகிவிட்டது. அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே, அவர் அசையாமல் நிற்பது தெரிந்தது.

"அட, பன்னீர் தெளிக்கறதுக்குமா வரி!" என்றார் மாசாணம். "அப்ப நான் மாட்டுக்குத் தண்ணி தெளிக்கறனே, அதுக்கு?"

இந்த முறை யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

"கோயமுத்தூர்லயா? எந்த மண்டபத்துல?" சுப்பண்ணன் விசாரணை போலத்தான் கேட்டார்.

"நெறைய மண்டபங்க. தை மாசம் அவிநாசி ரோட்டுல உங்க சம்பந்தி ஊட்டுக் கண்ணாலத்துலயும் நின்னேனுங்க. நீங்க வந்தீங்க."

"நானா? உன்னைப் பாத்த ஞாபகமே இல்லியே."

"பாத்தீங்க. பன்னீர் தெளிச்சேன், கும்பிட்டேன். நீங்களும் கும்பிட்டீங்க."

அவளுக்கு அதைச் சொல்லும் எண்ணமே இருக்கவில்லை. மெர்சியிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் காரிலிருந்து இறங்கியபோது அவள் கை செம்போடு அப்படியே நின்றுபோயிற்று. ஓடி ஒளிய இடமில்லை. கம்பெனிக்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தெளித்தாள். அவர் அவளை நேராகப் பார்த்து, நெஞ்சுக்கு நேரே கைகூப்பி, தலையைக்கூடக் கொஞ்சம் தாழ்த்திவிட்டு உள்ளே போனார். அவருடைய தோட்டத்தில் இருபது வருடமாக அவள் அப்பாவும் அம்மாவும் அவரைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். திருப்பிக் கும்பிட்டு அவள் பார்த்ததில்லை. அன்று இரவு அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததா, கேவலமாக இருந்ததா என்பது இன்றுவரை தெரியாது.

தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. சுப்பண்ணன் போனைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார்.

"கண்ணாலத்துல ஆயிரம் பேரு கும்புடுவாங்க. யாரு மூஞ்சிய யாரு பாக்கறது" என்றார் கடைசியில். போனை அப்பாவிடம் நீட்டினார். "இந்தா. இனி நெம்பர் வந்தா காட்டிப்போட்டுச் சொல்லு." பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குதிரை பார்த்துவிட்டு வருவதாக மாசாணத்தோடு நடந்தார். கூட்டம் வேறு வேடிக்கைக்குக் கலைந்தது.

அப்பா எருதுகளை அவிழ்த்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பொற்கொடி பின்னால் போனாள். எருதுகள் மூக்கை முக்கிக் குடித்தன. அப்பா ஒன்றின் முதுகை வெறுங்கையால் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார். குடித்து முடித்துத் தலையைத் தூக்கின. அப்போதும் அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அவள் பையில் போன் அதிர்ந்தது. மெர்சிதான். எடுத்தாள்.

"என்னடி, அமுத்தட்டுமா?"

பதில் சொல்வதற்குள், "அமுத்திட்டேன்!" என்றாள் மெர்சி. அப்பாவின் சட்டைப் பையில் டிங் என்றது. எண் வந்துவிட்டது.

அப்பா போனை எடுத்துப் பார்த்தார். பையிலேயே திரும்பப் போட்டுக்கொண்டார். பொற்கொடி கேட்கவில்லை. அந்த எண்ணுக்கு உயிர் பத்து நிமிடம்தான். கேட்டால் ஒருவேளை சொல்லிவிடுவார். ஆனால் இந்த நேரத்தில் அதைக் கேட்பதற்கு அவளுக்கு வாய் வரவில்லை. மெர்சி எதிர்முனையில் கத்திக் கத்திப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். ராட்டினத்துப் பாட்டு நின்று, அடுத்த பாட்டு ஆரம்பித்து, அதுவும் முடிந்தது. எண் செத்துப்போயிற்று.

"ரண்டு கையும் சேத்தா கும்பிட்டாரு?" என்றார் அப்பா. எருதின் முதுகைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஆமாங்கப்பா."

அவர் எருதின் கயிற்றைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"அங்க நிக்கறப்பச் செருப்புப் போட்டிருப்பியா?"

"போட்டிருப்பேனுங்க. கம்பெனியே குடுக்கும். சேலைக்குத் தோதா."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். சுப்பண்ணன் கூப்பிட்ட அவசரத்தில் கழற்றிவிட்டுப் போன செருப்பு தார்ப்பாய்ப் பக்கத்திலேயே கிடந்தது. புழுதியில் வெறுங்காலோடு நின்றிருந்தார்.

"சொல்லியிருக்கலாம் நீ" என்றார்.

"சொன்னா நிக்காதேம்பீங்க."

"நிக்காதேன்னுதான் சொல்லுவேன்."

அவள் தொட்டி விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அந்த நெம்பர் போயிருச்சாட்ட இருக்குது" என்றார்.

"ஆமாங்கப்பா. திருப்பிக் கேட்டா வரும்."

"கேளு."

அவள் மெர்சிக்குப் போன் செய்தாள். "இன்னொருக்கா அமுத்துடி" என்றாள். டவர் இல்லையோ என்னவோ, எண் வர நேரமாயிற்று. அப்பா போனைக் கையில் வைத்து, அது ஏதோ குஞ்சு பொரிக்கப் போவதுபோலப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குள் சுப்பண்ணன் குதிரைப் பக்கமிருந்து திரும்பிவிட்டிருந்தார். டிங் என்றதும் பழக்கத்தில் கையை நீட்டினார்.

"என்னடா அது? கொண்டா பாப்போம்."

"புள்ளைக்கு வந்ததுங்க" என்றார் அப்பா. துண்டு கையில்தான் இருந்தது, முதுகும் கொஞ்சம் வளைந்துதான் இருந்தது. போனை மட்டும் கொடுக்கவில்லை. மகள் பக்கம் திரும்பி, களத்தில் தேங்காய் எண்ணுகிறபோது கூப்பாடு போடுகிற அதே குரலில், ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். மாடு பிடித்துக்கொண்டு போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மெர்சிக்குச் சொன்னாள்.

"வந்துருச்சு! சரியாயிருச்சுடி!" என்று மெர்சி கத்தியது அப்பாவுக்கும் கேட்டிருக்கும். எவ்வளவு வரும் என்று அவர் கேட்கவில்லை.

எருதுகளைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வருகிறபோது, "அடுத்த முகூர்த்தம் எப்ப?" என்றார்.

"ஆவணியிலீங்கப்பா."

"எந்த மண்டபம்?"

வந்து கூட்டிக்கொண்டு போய்விடவா, அல்லது வந்து பார்க்கவா. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் அவளுக்குத் தைரியமில்லை. மண்டபத்தின் பெயரைச் சொன்னாள். காற்றில் சரியாகக் கேட்கவில்லை போலும். அவர் நின்று, "எது?" என்றார். இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.